ரெசிடென்ட் மருத்துவர்களின் நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரண்டு தரப்புக்கு. ஒன்று, சிறப்புத் துறைப் பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட்டுகள். இன்னொன்று, அவர்களுக்கு டியூட்டி லிஸ்ட் போடும் சீஃப் ரெசிடென்ட், யூனிட் தலைவர், பயிற்சிப் பொறுப்பாளர். எந்தக் கேள்வி யாருடையது என்பது படித்தாலே தெரியும்.

நலத் திட்டம் என்று மாதம் ஒரு யோகா வகுப்பு வைத்திருக்கிறோம். போதாதா?

போதாது. இரவு முழுக்க வார்டு பார்த்தவரைப் பிற்பகல் 3 மணிக்கு 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்ற வகுப்பில் உட்கார வைத்தால், அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்ட ஒரே மருந்தான தூக்கத்தை அந்த வகுப்பே பறித்துக்கொள்கிறது. யோகாவும் தியானமும் விரும்பியவருக்கு நல்லவைதான். வருகைப் பதிவு எடுத்துக் கட்டாயப்படுத்தினால் அதுவும் இன்னொரு டியூட்டி.

டியூட்டி லிஸ்ட்டைத்தான் முதலில் தொட வேண்டும். பிறகு தூக்கம், சாப்பாடு, கழிப்பறை, பூட்டுப் போடக்கூடிய ஓய்வறை. அதற்கும் அடுத்தது வெளியே தெரியாமல் போய்ப் பார்க்கக்கூடிய மருத்துவ உதவி. வகுப்புகள் கடைசி. நிறைய இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. வகுப்பு வைக்க ஒரு போஸ்டர் போதும், லிஸ்ட்டை மாற்ற ஆள் வேண்டும் என்பதுதான் காரணம்.

எனக்கு இருப்பது வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா, டிப்ரஷனா?

களைப்பு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். பர்ன்அவுட் அப்படிப் போகாது. அதற்கு மூன்று முகம்: மனம் வற்றிப்போவது, நோயாளியைப் பெயராக இல்லாமல் படுக்கை எண்ணாகப் பார்க்கத் தொடங்குவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. அதாவது, கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை.

மனச்சோர்வு நோய் (டிப்ரஷன்) வேறு. வேலையில் மட்டுமல்ல, வீட்டிலும் லீவிலும் கூடவே வரும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்திருப்பது, பிடித்தது எதிலும் ஈடுபாடு இல்லாமை, டியூட்டி இல்லாத இரவிலும் தூக்கம் வராமை, பசி மாறுவது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை அடையாளம். பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 27 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும்.

இது அபூர்வமானதும் அல்ல. 2015-ல் வெளியான, 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்றில் ரெசிடென்ட்டுகளில் 28.8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோயோ அதன் அறிகுறிகளோ இருந்தன. நான்கு பேர் கொண்ட யூனிட்டில் ஒருவர் என்று கணக்கு.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

நாட்டுக்கு நாடு வேறு. 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்ததும், அவரைப் பார்த்த ரெசிடென்ட்டுகள் தூக்கமில்லாமல், மேற்பார்வை குறைவாக வேலை பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும்தான் இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்தன. அந்த மாநிலம் 1989-ல் வாரம் 80 மணி நேரம் என்ற எல்லையைக் கொண்டுவந்தது. 2003-ல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது: நான்கு வாரச் சராசரியில் 80 மணி, ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு, தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் புதிய நோயாளி கிடையாது, அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைக்க மட்டும் கூடுதல் நேரம் (இன்றைய விதியில் 4 மணி). ஐரோப்பிய ஒன்றியத்தில் சராசரி 48 மணி, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி ஓய்வு. இந்தியாவில் 1992-ன் ரெசிடென்சி திட்டம் வாரம் 48 மணி என்கிறது. 2023-ன் பட்டமேற்படிப்பு விதிகளோ 'நியாயமான வேலை நேரம்' என்று சொல்லி எண்ணைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டன. வார விடுமுறைகூட வேலையின் அவசரத்துக்கு உட்பட்டதுதான். எண் இல்லாத விதியை எந்தப் பக்கமும் இழுக்கலாம்.

மணி நேரத்தைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். முதலாண்டு ரெசிடென்ட்டுக்குத் தொடர்ச்சியாக 16 மணிதான் என்று அமெரிக்காவில் 2011-ல் கொண்டுவந்த விதியை 2017-ல் எடுத்துவிட்டார்கள். ஷிஃப்ட் குட்டையானால் ஒப்படைப்பு கூடும். ஒப்படைப்பைச் சரியாகச் செய்யாவிட்டால், களைப்பில் வந்த தவறு குறைந்து, தகவல் விடுபட்ட தவறு கூடும்.

லிஸ்ட்டில் 80 மணிக்குள்தான் போடுகிறோம். அப்படியும் எல்லோரும் அதிகம் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ரெசிடென்ட், நான்கு நாளுக்கு ஒரு நைட். முதல் நாள் காலை வருபவர் மறுநாள் மதியம் போனால் 28 மணி. அடுத்த இரண்டு நாளும் தலா 11 மணி. நான்கு நாளுக்கு 50 மணி, ஏழு நாளுக்கு 87.5 மணி. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுத்து 11 மணியைக் கழித்தால் 76.5. எல்லைக்குள் வந்துவிட்டது.

ஒருவர் லீவில் போகிறார். இப்போது மூன்று பேர், மூன்று நாளுக்கு ஒரு நைட். 28-உம் 11-உம் 39 மணி. ஏழு நாளுக்கு 91. வார ஓய்வு போக, சரியாக 80. ஒரு மணி கூடினாலும் எல்லை தாண்டும். நைட் முடித்தவர் மதியம் 12-க்குப் பதில் 2 மணிக்குக் கிளம்பினால் வாரத்துக்கு நாலரை மணிக்கு மேல் கூடும். 'கேஸ் நிறைய, இந்த வாரம் மட்டும் ஞாயிறு வந்துவிடு' என்றால் 91.

ஆகவே நான்கு பேர் லிஸ்ட்டை நான்கு பேருக்காகப் போடக் கூடாது. லீவு, தேர்வு, காய்ச்சல் என்று வருஷத்தில் பல வாரங்கள் அங்கே மூன்று பேர்தான் இருப்பார்கள். மூன்று பேரை வைத்தும் விதி உடையாத மாதிரி போட்டுவிட்டு, நாலாவது ஆளை உபரியாக வையுங்கள். பக்கத்து யூனிட்டோடு சேர்ந்து இரவுக்கு மட்டும் ஒரு பொது ரெசிடென்ட் என்று வைப்பது இன்னொரு வழி. எந்த யூனிட்டும் முதலில் ஒப்புக்கொள்ளாது. இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தால் நிற்கும்.

வேறு சில:

- ஷிஃப்ட் மாற்றும்போது பகல், மாலை, இரவு என்று முன்னோக்கிப் போங்கள். இரவிலிருந்து நேராக மறுநாள் காலைக்குத் திருப்பினால் உடலின் கடிகாரம் ஒத்துழைக்காது.
- லிஸ்ட் குறைந்தது நான்கு வாரம் முன்னால் கையில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு டிக்கெட் போடுவதும் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவதும் அதை நம்பித்தான்.
- வீட்டுக்குப் போய் எழுதும் கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே வேலை நேரம்தான். கணக்கில் சேருங்கள்.
- பேறுகாலம், நோய் போன்றவற்றால் நைட் பார்க்க முடியாதவருடைய நைட்டை மற்றவர்கள் தலையில் ஓசையில்லாமல் கட்டாதீர்கள். மாற்று ஏற்பாட்டை எழுத்தில் வையுங்கள். இல்லையென்றால் கோபம் லிஸ்ட் போட்டவர் மேல் திரும்பாது, கர்ப்பிணியின் மேல் திரும்பும்.

நைட் முடிந்து மதியம் 12 மணிக்குப் போகலாம் என்கிறார்கள். மூன்று மணிக்கு முன் யாரும் போனதில்லை. ஏன்?

ரவுண்ட்ஸ் வரிசைதான் பெரும்பாலும் காரணம். கன்சல்டன்ட் (யூனிட்டின் மூத்த சிறப்பு மருத்துவர்) முதல் படுக்கையிலிருந்து தொடங்கிக் கடைசிப் படுக்கைக்குப் போகிறார். நைட்டில் சேர்ந்த நோயாளிகள் கடைசியில் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்தவரும் அதுவரை கூடவே நடக்கிறார். வரிசையைத் திருப்புங்கள்: இரவில் சேர்ந்தவர்களை முதலில் பாருங்கள். 8 மணிக்குத் தொடங்கினால் பத்தரைக்கு அவருடைய பங்கு முடிந்துவிடும்.

இரண்டாவது காரணம் போன். ஆள் போனாலும் அழைப்பு அவருக்கே வருகிறது. டியூட்டி போன் ஒன்று தனியாக இருக்கட்டும். அதைக் கையில் கொடுத்த நிமிடம் பொறுப்பும் கைமாறியதாக வார்டு நர்ஸ் வரை எல்லோருக்கும் தெரியட்டும். மூன்றாவது காரணம் வெட்கம். சீனியர் உட்கார்ந்திருக்கும்போது ஜூனியர் எப்படி எழுந்து போவார்? இதற்குச் சுற்றறிக்கை உதவாது. கன்சல்டன்ட் 12 மணிக்கு ஆளின் பெயரைச் சொல்லி 'கிளம்பு' என்று சொல்ல வேண்டும்.

ஒப்படைப்புக்கும் நலத்துக்கும் என்ன தொடர்பு?

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு 'அந்தப் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததா, யாராவது பார்த்தார்களா' என்று விழித்துக் கிடப்பவரைக் கேளுங்கள். சரியாக ஒப்படைத்தவர்தான் தூங்குவார்.

ஐ-பாஸ் என்ற முறையில் ஐந்து படி: நோயாளி எவ்வளவு மோசம், ஒரு வரிச் சுருக்கம், செய்ய வேண்டியவை, இரவில் இப்படி நடந்தால் இதைச் செய் என்ற முன்யோசனை, கேட்டவர் திருப்பிச் சொல்வது. ஒன்பது மருத்துவமனைகளில் செய்து 2014-ல் வெளியான ஆய்வில் இந்த முறை மருத்துவத் தவறுகளை 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகளை 30 சதவீதமும் குறைத்தது.

நடைமுறையில் நாலாவதும் ஐந்தாவதும்தான் விடுபடும். '12-ஆம் படுக்கை, நிமோனியா, ஓகே' என்பது ஒப்படைப்பு அல்ல. அதையே இப்படிச் சொல்லலாம்: '12-ஆம் படுக்கை, மோசமாகலாம். 60 வயது, நிமோனியா, இரண்டு லிட்டர் ஆக்சிஜனில் 94. பத்து மணிக்கு ஏபிஜி பார். 90-க்குக் கீழே போனால் மாஸ்க் போட்டு எனக்கு இல்லை, ஐசியுவுக்குக் கூப்பிடு, பேசி வைத்திருக்கிறேன்.' (94, 90 என்பவை ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம். ஏபிஜி என்பது ரத்த வாயுப் பரிசோதனை.) அந்த 'எனக்கு இல்லை' என்ற இரண்டு சொல்லில்தான் ஒருவரின் தூக்கம் இருக்கிறது. இரண்டு ஷிஃப்ட்டும் அரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி லிஸ்ட் போடாவிட்டால் இது நடக்காது.

நைட்டில் கண் சொக்குகிறது. என்ன செய்யலாம்?

முன்னேற்பாடு பகலிலேயே தொடங்குகிறது. முதல் நைட்டுக்கு முன் பிற்பகலில் 90 நிமிடம் தூங்குங்கள். ஒரு முழுத் தூக்கச் சுற்று ஏறக்குறைய அவ்வளவு. டியூட்டியின் நடுவே இடைவெளி கிடைத்தால் 20 நிமிடம், அலாரம் வைத்து. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள். எழும்போது 15 முதல் 30 நிமிடம் வரை மூளை மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தில் போனில் மருந்து அளவு சொல்வதுதான் ஆபத்து. எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள், சொன்னதை நர்ஸைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

காபியைப் பலர் தப்பாகக் குடிக்கிறார்கள். தொடக்கத்திலேயே பெரிய கப்பாக இரண்டு, அப்புறம் விடிகாலையில் இன்னொன்று. கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். விடிகாலை 5 மணிக்குக் குடித்தால் காலை 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும், நீங்கள் படுக்கும் நேரம் அது. சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் குடியுங்கள். தூங்க நினைக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 400 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். குட்டித் தூக்கத்துக்கு முன் குடிப்பது நல்ல உத்தி: கஃபீன் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆவதால், எழும் நேரமும் அதுவும் ஒத்துப்போகும்.

விடிகாலை 3 முதல் 5 வரை உடல் வெப்பமும் விழிப்பும் அடிமட்டத்தில் இருக்கும். பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின், குழந்தைகளுக்கான அளவுகள் எதுவானாலும் அந்த நேரத்தில் இரண்டாவது ஆளோடு சரிபார்க்காமல் கொடுக்காதீர்கள். தள்ளிப் போடக்கூடிய வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி. அறை இருட்டாக, குளிர்ச்சியாக. போன் வேறு அறையில். நைட் வரிசை முடிந்த கடைசி நாளில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, இரவு சீக்கிரம் படுத்தால் கடிகாரம் விரைவாகத் திரும்பும். தூக்க மாத்திரையை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள்.

டியூட்டி முடிந்து வண்டி ஓட்டிப் போகலாமா?

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதற்குச் சமம் என்று 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 0.10. பல நாடுகளில் லைசென்ஸ் போகும் அளவு அது. அமெரிக்க இன்டர்ன்களிடம் (முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள்) நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட டியூட்டிக்குப் பிறகு வாகன விபத்துக்கான வாய்ப்பு விகிதம் 2.3 மடங்கு.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். திரும்ப வேண்டிய திருப்பத்தைத் தவறவிட்டீர்களா, கடைசி ஒரு கிலோமீட்டர் நினைவில் இல்லையா? ஏற்கெனவே வினாடிக் கணக்கில் தூங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வண்டியை ஓரம் கட்டுங்கள். கிளம்புவதற்கு முன் ஓய்வறையில் அரை மணி தூங்குவது, டாக்ஸியில் போவது, இல்லையென்றால் அங்கேயே படுத்துவிடுவது என்று மூன்று வழிதான். டாக்ஸி கட்டணத்தை மருத்துவமனை தர வேண்டும். பில் கொடுத்து, மூன்று கையெழுத்து வாங்கி, இரண்டு மாதம் காத்திருக்க வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஓய்வறையில் என்னென்ன இருக்க வேண்டும்?

அந்த இரவு டியூட்டியில் உள்ளவர்கள் எண்ணிக்கைக்குக் கட்டில். உள்பக்கம் தாழ்ப்பாள், வெளியே பூட்டு. பெண்களுக்குத் தனி அறை, வார்டிலிருந்து அங்கே போகும் வழியில் விளக்கு. தினமும் மாற்றும் விரிப்பு. பக்கத்திலேயே கழிப்பறை, குடிநீர், இரவு 2 மணிக்கும் கிடைக்கும் சூடான சாப்பாடு. பாலூட்டும் தாய்க்கு ஏறக்குறைய மூன்று மணிக்கு ஒருமுறை, 20 முதல் 30 நிமிடம், பூட்டுப் போட்ட அறையும் பால் வைக்க ஃபிரிட்ஜும். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் அதற்கு ஆகாது.

சாப்பாட்டு இடைவேளை காகிதத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் 'போய்ச் சாப்பிட்டு வா' என்று சொல்பவர் அந்த அரை மணி போனை யார் எடுப்பார் என்று சொல்வதில்லை. ஆள் பெயர் சொல்லாத இடைவேளை நடக்காது.

ஊசி குத்திவிட்டது. என்ன செய்ய?

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், ஆசிட், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரால் அலசுங்கள். கையில் இருக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உடனே தெரிவியுங்கள். 'ஆபரேஷன் முடியட்டும்' என்பதுதான் வழக்கமான தவறு.

எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குங்கள், 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு இல்லாதவருக்கு வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். பயிற்சியில் சேர்ந்த வாரத்திலேயே தடுப்பூசி நிலையைப் பாருங்கள்: 0, 1, 6 மாதத்தில் மூன்று டோஸ், கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டதோடு விட்டுவிட்டு அளவைப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேலை: இரவு 3 மணிக்கு முதல் டோஸ் மாத்திரை எங்கே இருக்கிறது, யாரிடம் சாவி? ஒருமுறை நீங்களே அந்த நேரத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

என் ஜூனியர் ஒரு தவறு செய்துவிட்டார், நோயாளி இறந்துவிட்டார். நான் என்ன சொல்ல?

முதல் ஒரு மணி நேரம்: அவரை வார்டிலிருந்து வெளியே கூட்டி வாருங்கள். போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தாரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கன்சல்டன்ட் கூட இருக்கட்டும். 'ஏன் இப்படிச் செய்தாய்' என்ற விசாரணை இப்போது வேண்டாம். 'பரவாயில்லை, எல்லோருக்கும் நடக்கும்' என்றும் சொல்லாதீர்கள். ஒருவர் இறந்திருக்கும்போது அது அவருக்குப் பொய்யாகத்தான் கேட்கும். 'நான் இருக்கிறேன், அடுத்து என்ன என்று சேர்ந்து பார்ப்போம்' என்பது போதும்.

அன்றைக்கு மீதி டியூட்டி பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சிலருக்கு வேலையில் இருப்பதே ஆறுதல், சிலருக்கு முடியாது. நடந்ததை நடந்த நேரத்தோடு எழுத உதவுங்கள். எழுதியதைத் திருத்தச் சொல்லாதீர்கள்.

மறுநாள் ஒரு போன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் அதற்குள் மற்ற எல்லோரும் மறந்திருப்பார்கள். அதே வகை நோயாளி மறுபடி வரும்போது கை நடுங்குகிறதா, தேவையில்லாத பரிசோதனைகளாக எழுதித் தள்ளுகிறாரா என்று கவனியுங்கள். எல்லோரையும் உட்கார வைத்து 'மனதில் உள்ளதைக் கொட்டுங்கள்' என்று கட்டாயப்படுத்தும் ஒருமுறைக் கூட்டம் வேண்டாம். அது பிற்கால மன பாதிப்பைத் தடுப்பதில்லை. விரும்புகிறவர்கள் பத்து நிமிடம் கூடிப் பேசுவது வேறு விஷயம்.

ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். இது பயிற்சியின் ஒரு பகுதிதானே?

இல்லை. 'டோஸ் தப்பு, சரியான அளவு இது' என்பது பயிற்சி. நோயாளி முன்னால் 'உனக்கு யார் டிகிரி கொடுத்தது' என்பது அவமதிப்பு. இதில் நோயாளிக்கும் நஷ்டம் உண்டு: திட்டுக்குப் பயந்த ஜூனியர் அடுத்த முறை இரவில் சந்தேகம் வந்தாலும் போன் செய்ய மாட்டார்.

தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். மருத்துவமனைக் கணினியில் வேண்டாம். நோயாளியின் பெயரும் வேண்டாம். முறையிடும் வழி, திட்டுபவர் வழியாகவே போகக் கூடாது. தேர்வு மதிப்பெண் போடுபவரே புகாரையும் விசாரிப்பவராக இருந்தால், புகாரே வராது. 'எங்கள் துறையில் ஒரு புகாரும் இல்லை' என்று பெருமைப்படும் தலைவர்கள் இதை யோசிக்கலாம்.

கவுன்சிலரைப் பார்த்தால் ரெக்கார்டில் ஏறிவிடுமே?

இந்தப் பயம்தான் பெரிய தடை. அதனால் உதவி தரும் ஆள் துறையைச் சேராதவராக இருக்க வேண்டும். அவருடைய குறிப்புகள் மருத்துவமனையின் பொதுக் கோப்பில் சேரக் கூடாது. எந்தச் சூழலில் மட்டும் ரகசியம் உடைபடும் என்பது (உயிருக்கு உடனடி ஆபத்து, நோயாளிகளுக்கு ஆபத்து) முதல் சந்திப்பிலேயே சொல்லப்பட வேண்டும். சைக்யாட்ரி ஓபிடி வாசலில் உங்கள் நோயாளிகளோடு வரிசையில் உட்கார வைத்தால் அது ரகசியம் ஆகாது.

நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. முதலாண்டு சேரும் எல்லோருக்கும் ஒரு சந்திப்பை டியூட்டி நேரத்துக்குள்ளேயே போட்டுவிடுங்கள். வேண்டாதவர் ரத்து செய்துகொள்ளலாம். எல்லோரும் போவதால் யார் 'பிரச்சினை உள்ளவர்' என்று தெரியாது. கதவு எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நண்பனிடம் காரிடாரில் நின்று மாத்திரை எழுதி வாங்குவது உதவியில் சேராது. முழுதாகக் கேட்காமல் எழுதப்படும் அந்தச் சீட்டுக்கு அடுத்த சந்திப்பும் கிடையாது.

சக ரெசிடென்ட் 'இருந்து என்ன பயன்' என்கிறார். கேட்கலாமா, கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுமா?

தூண்டாது. நேராகவே கேளுங்கள்: 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்துத்தான் பதில் வரும். ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். திட்டம் இருக்கிறதா, எப்போது என்று கேளுங்கள். தனியாக விடாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ கேசுவால்ட்டிக்கோ கூடவே போங்கள். உள்ளூர் உதவி எண்ணை உங்கள் போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

மருத்துவர்களுக்கு மருந்து கையெட்டும் தூரத்தில் இருப்பது தனி ஆபத்து. அவருடைய பொறுப்பில் மருந்து அலமாரி, சாவி இருந்தால் சீனியரிடம் சொல்லி வேறு வேலைக்கு மாற்றுங்கள். டியூட்டியை நிரப்புவது சீஃப் ரெசிடென்ட்டின் பாடு. 'நாளைக்கு நைட்டை மட்டும் பார்த்துவிட்டு லீவு எடு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைப் படிப்பவருக்கே அந்த எண்ணம் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே ஒருவரை அழையுங்கள்.

நிலைமை சரியாகிறதா என்று எப்படி அளப்பது?

பெயரில்லா கருத்துக்கணிப்பு நல்லதுதான். ஆனால் ஆறு பேர் உள்ள துறையில் 'பெண், இரண்டாமாண்டு' என்று கேட்டால் பெயர் எழுதியதற்குச் சமம். சின்னத் துறைகளைச் சேர்த்துக் கேளுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள்.

அதைவிட எளிய எண்கள் உண்டு. நைட் முடித்தவர்கள் உண்மையில் கிளம்பிய மணி. கிடைத்த வார ஓய்வு எத்தனை, ரத்தானது எத்தனை. எடுக்காமல் கிடக்கும் லீவு. கடைசி நேரத்தில் மாறிய டியூட்டிகள். மணி நேரத்தை உண்மையாக எழுதியவரை 'உனக்கு மட்டும் ஏன் வேலை முடிவதில்லை' என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த மாதம் துறை முழுவதும் 79 மணி என்றே எழுதும். எல்லோரும் ஒரே எண்ணை எழுதுகிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

புதிதாக ஆள் போட வழியில்லை. எங்கே தொடங்கலாம்?

ஒரு வாரம் ரெசிடென்ட்டுகள் செய்யும் வேலையில் டாக்டர் செய்ய வேண்டாதது எது என்று குறித்துப் பாருங்கள். ரத்தக் குழாய்களை லேபுக்குத் தூக்கிப் போவது, ரிப்போர்ட்டுக்காக ஒவ்வொரு கவுன்டராக நிற்பது, டிராலி தள்ளுவது, ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் எழுதுவது, ஸ்கேனுக்கு நேரம் வாங்கப் போனிலேயே காத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிமிடம் எழுதுங்கள். ஒருவருக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால்கூட, நான்கு பேருக்கு, ஆறு வேலை நாளில், வாரத்துக்கு 24 மணி. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போங்கள். ரெசிடென்ட்டுகள் களைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் தலையசைத்து அனுப்பிவிடுவார்கள். 24 மணி என்றால் யாரை அனுப்பலாம் என்று பேச்சு வரும்.